யானைக்கவுனிக்குப் போன மீன்கூடை

காசிமேட்டுக் குப்பத்தில் ஒரு கோழி காணாமல் போனால் யாரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகமாட்டார்கள். கோவிந்தம்மா வீட்டுக்குத்தான் போவார்கள். போலீஸ்காரர் வந்தால் மிச்சம் இருக்கிற கோழியும் போய்விடும் என்பது ஒரு காரணம். கோவிந்தம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்பது இன்னொன்று. மலர்க்கொடியின் வெள்ளிக் கொலுசு தொலைந்த அன்று குப்பமே மணலைக் கிளறிக்கொண்டிருந்தது. கோவிந்தம்மா மட்டும் ஓரமாகக் குந்தி வெற்றிலை மென்றபடி, யார் எந்த இடத்தில் தேடாமல் இருக்கிறார்கள் என்று பார்த்தாள். மலர்க்கொடியின் நாத்தனார் அடுப்புப் பக்கமே போகவில்லை. கொலுசு சாம்பலுக்கடியில் இருந்தது.

இந்தப் பெருமையில் பாதி அவள் மகள் மங்கைக்குச் சேரவேண்டும். வாய் அம்மாவுடையது, கண் மகளுடையது. அம்மா ஒரு வீட்டு வாசலில் நின்று ஊர்க்கதை அளந்துகொண்டிருப்பாள். அதற்குள் மங்கை அந்த வீட்டில் எத்தனை பேருக்கு உலை வைத்திருக்கிறார்கள், எந்தப் பாய் நேற்று விரிக்கப்படவில்லை என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டு வந்துவிடுவாள். மங்கைக்கு இருபது வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் அப்பனைக் கடல் கொண்டுபோய்விட்டது. அடுத்த குடிசைக்காரன் பரசுராமனைக் கட்டிக்கொண்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

ஊரார் ரகசியத்தையெல்லாம் தோண்டுகிற இந்தக் கோவிந்தம்மாவிடம் ஒரே ஒரு கிறுக்குத்தனம் உண்டு. வாரத்தில் ஆறு நாளும் ராயபுரத்தையும் தண்டையார்பேட்டையையும் சுற்றி மீன் விற்பவள், வெள்ளிக்கிழமையானால் கூடையைத் தூக்கிக்கொண்டு யானைக்கவுனிக்குப் போவாள். யானைக்கவுனியில், அதுவும் அவள் போகிற அந்தத் தெருவில், இருப்பதெல்லாம் சேட்டு வீடுகள். மீன் வாசனை வந்தாலே ஜன்னலைச் சாத்துகிறவர்கள். அந்தத் தெருக்கோடியில் கயிற்றுக்கடை ஒன்று. அதில் வேலை செய்கிற ஆள் அவளைப் பார்த்ததும் தலையைக்கூடத் தூக்காமல், "இங்க மீன் எடுக்க மாட்டாங்கம்மா" என்பான். அவளும் சரி என்று திரும்பிவிடுவாள். பதினாலு வருஷமாக இதே கூத்து. குப்பத்தில் சிரிக்காத ஆள் கிடையாது. கேட்டால், "காலாற நடந்துட்டு வரேன், ஒனக்கு இன்னா பேஜாரு?" என்பாள்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் பரசுராமன் தனியாகக் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனான்; திரும்பவில்லை. அன்று கடல் ஒன்றும் பெரிதாகச் சீறவில்லை. அதைத்தான் யாராலும் பொறுக்க முடியவில்லை. சீறுகிற கடலிடம் ஒரு நியாயம் இருக்கிறது. சும்மா கிடக்கிற கடல் ஆளை எடுத்துக்கொண்டால் யாரிடம் போய்க் கேட்பது? மறுநாள் காலை எண்ணூரிலிருந்து ஆள் வந்தது. முகத்துவாரத்து மணல்திட்டில் ஒரு கட்டுமரம் ஒதுங்கியிருக்கிறது, காசிமேட்டுக் குறி போட்டிருக்கிறது, ஆள் இல்லை.

குப்பத்துத் தலைவர் ராமதாஸ் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கோவிந்தம்மாவும் கூடவே போனாள். வரவேண்டாம் என்றார்கள், சொன்னால் கேட்கிற ஆளா அவள்?

மணல்திட்டில் மரம் சாய்ந்து கிடந்தது. மரங்களைப் பிணைக்கிற முன்கட்டு பின்கட்டு இரண்டும் அவிழவில்லை. வலை சுருட்டியபடி இருந்தது. பின்கட்டில் பரசுராமனின் கஞ்சித் தூக்குச்சட்டி தொங்கியது. துடுப்பு எங்கே என்று கோவிந்தம்மா பார்த்தாள். துடுப்பு முன்கட்டுக் கயிற்றுக்கு அடியில் அழகாகச் செருகியிருந்தது.

கடலுக்குள் இருக்கிறவரைக்கும் துடுப்பு ஆளின் கையில் இருக்கும். ஆள் விழுந்தால் துடுப்பும் விழும். கரையேறி, மரத்தைவிட்டு இறங்கி நிற்கிறவன்தான் அதைக் கயிற்றுக்கடியில் செருகுவான். யாரும் யோசித்துச் செய்கிற காரியமில்லை அது. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போகிற மாதிரி கை தானாகச் செய்யும். எண்ணூர்க்காரர்கள் யாராவது செருகினார்களா என்று கேட்டாள். தலைவர் வரும்வரை ஒருவரும் மரத்தைத் தொடவில்லை என்றார்கள்.

அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் ராமதாஸ் குனிந்து துடுப்பை உருவி மணலில் போட்டுவிட்டார். போட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல், "கடலு எடுத்துக்கிச்சிமா. மனச தேத்திக்கோ. பதினாறாம் நாளு காரியத்த முடிச்சிடலாம்" என்றார்.

கோவிந்தம்மா பின்கட்டிலிருந்து தூக்கை அவிழ்த்தாள்.

அதை மட்டும் கையோடு கொண்டுவந்து மங்கையிடம் கொடுத்தாள். அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்த பெண், மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள். பிறகு விரலை விட்டு உள்விளிம்பைத் தடவி அம்மாவிடம் நீட்டினாள். விரல் நுனியில் நாலு மணல் துகள் ஒட்டியிருந்தது.

"கஞ்சி குடிச்சிட்டு மண்ணு போட்டுத் தேச்சிகீதும்மா. கடல்ல மண்ணு ஏது? தண்ணில அலசி மாட்டிடுவாங்க. இது கரைல தேச்சது."

பரசுராமனுக்கு அப்படி ஒரு வியாதி. சாப்பிட்ட பாத்திரத்தைத் தேய்க்காமல் வைக்கமாட்டான். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டு விருந்தில் இலையை எடுத்துவிட்டு, பரிமாறின கரண்டியையும் தேய்க்க உட்கார்ந்தவன். குப்பத்து ஆண்கள் அவனை வைத்துப் பண்ணாத கேலி இல்லை.

"அப்போ கரையேறிகீது" என்றாள் மங்கை. அழுகை நின்றுவிட்டது. "கரையேறுன ஆளு வூட்டுக்கு வரல. யாரோ அட்ச்சிப் போட்டுட்டு மரத்தத் தள்ளி வுட்டுகீறாங்க."

கோவிந்தம்மாவுக்கு வேறொன்று தோன்றியது. அதை மகளிடம் சொல்லவில்லை. கொன்றிருப்பார்கள் என்று நினைக்கவும் பிடிக்கவில்லை, கொன்றிருக்கமாட்டார்கள் என்று நினைக்கவும் பிடிக்கவில்லை. மகள் கழுத்தில் மஞ்சள் கயிறு கிடந்தது. அதற்குப் பதினாறாம் நாள்வரை ஆயுள் என்று ராமதாஸ் நாள் குறித்துவிட்டார்.

"அதுக்குள்ள கண்டுபுடிக்கணும்" என்றாள். "உசுரோட கீறானோ இல்லியோ, அதுக்குள்ள தெரிஞ்சாவணும். தாலிய அறுத்துட்டு அப்பால தெரிஞ்சா, அறுத்தது அறுத்ததுதான். திரும்பக் கட்றதுக்கு நம்ம குப்பத்துல சடங்கு இல்ல."

மங்கை அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். எதற்கு இவ்வளவு கோபமாகச் சொல்கிறாள் என்று அவளுக்குப் புரியவில்லை.

மறுநாளே இருவரும் கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறி எண்ணூர் போனார்கள். அதற்குப் பிறகும் நாலு தரம் போனார்கள். எண்ணூர் குப்பத்துக்கு மீன் கூடையோடு போய் விசாரிக்க முடியாது. அங்கேயே கொட்டிக்கிடக்கிறது, பைத்தியம் என்பார்கள். கோவிந்தம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். பெண் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னாள். பிறக்காத ஒரு மகனுக்கு ரயில்வேயில் வேலை வாங்கிக் கொடுத்து, அவனுக்குக் கறுப்பாக இருந்தாலும் லட்சணமான பெண் வேண்டும் என்று வீடுவீடாக ஏறி இறங்கினாள். ரயில்வே என்றதும் எல்லாக் கதவும் திறந்தது. மூன்றாம் நாள் ஒரு வீட்டில் வெற்றிலை பாக்கே மாற்றத் தயாராகிவிட்டார்கள். ஜாதகம் எடுத்துவருகிறோம் என்று இருவரும் தப்பித்து ஓடிவந்தார்கள். சந்து திரும்பியதும் மங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் போய் எட்டாம் நாள் சிரிக்கிறோமே என்று உடனே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கோவிந்தம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இரண்டு தெருவுக்கு அப்பால் கடல் சும்மா இரைந்துகொண்டிருந்தது.

பகலெல்லாம் அலைந்தும் ஒரு தகவல் இல்லை. அடித்த சத்தம் யாரும் கேட்கவில்லை. பிணம் எதுவும் ஒதுங்கவில்லை. உப்பளத்துக்குப் போகிற வண்டிப்பாதை ஓரம் புதிதாகத் தோண்டிய குழி ஒன்றை மங்கை பார்த்துவிட்டு வெளிறிப்போனாள். கிட்டப்போய்ப் பார்த்தால் செத்த மாட்டைப் புதைத்திருந்தார்கள். அன்று முழுக்க அந்தப் பெண் சோறு தின்னவில்லை.

பன்னிரண்டாம் நாள், அந்த வண்டிப்பாதையிலேயே ஒரு கீற்றுக்கொட்டகை டீக்கடையில் உட்கார்ந்தார்கள். கடைக்காரி ரஹீமுன்னிசா, உப்பு ஏற்ற வருகிற வண்டிக்காரர்களுக்கு விடியலில் டீ போட்டுத் தருகிறவள். மங்கை டீயைக் குடித்துவிட்டு, வழக்கப்படி யோசனையில்லாமல், தம்ளரை மணலில் ஒரு தேய்ப்புத் தேய்த்துக் கழுவி வைத்தாள். புருஷனோடு இருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம்.

"இன்னாம்மா இது அதிசயமா கீது" என்றாள் ரஹீமுன்னிசா. "எங்கடைக்கு வர்றவன் மூஞ்சியே கழுவமாட்டான். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒருத்தன் இப்பிடித்தான் தம்ளரத் தேச்சிக் குட்த்துட்டுப் போனான்."

கோவிந்தம்மாதான் கேட்டாள்: "யாரு, வண்டிக்காரனா?"

"இல்லம்மா. தொப்பலா நனஞ்சி வந்தான். கடல் பக்கம் முதுகு காட்டித்தான் ஒக்காந்தான், ஒருவாட்டிகூடத் திரும்பிப் பாக்கல. அப்பால உப்பு வண்டில ஏறிப் பூட்டான். வண்டி தண்டையார்பேட்டை குடோனுக்குப் போறது."

"கூட யாராச்சும் இருந்தாங்களா?"

"ஒண்டியாத்தான் வந்தான்."

ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றதும், "யாரும் அடிக்கலம்மா" என்றாள் மங்கை. "அதுவாத்தான் பூட்டுது." அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மகள் அதையும் பார்த்து வைத்துக்கொண்டாள்.

தண்டையார்பேட்டை என்ன, காசியா? காசிமேட்டிலிருந்து நடந்தால் அரைமணி நேரம். கோவிந்தம்மா தினமும் மீன் விற்கிற இடம். மறுநாள் பகல் இரண்டு மணிக்கு, உப்புக் குடோன் வாசலில், முதுகில் மூட்டையோடு குனிந்து வந்தவனை முதலில் பார்த்தவள் மங்கைதான். உப்புத்தண்ணீர் வழிந்து தோளெல்லாம் புண்ணாகியிருந்தது. அவன் மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தான். பார்த்தான். அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

"அத்த" என்றான் கோவிந்தம்மாவைப் பார்த்து. மனைவியைப் பார்க்கத் தைரியமில்லை.

"எங்கிட்ட இன்னா பேச்சு? அவகிட்ட சொல்லு."

அவன் சொன்னான். மாசி மாதம் அவன் அண்ணனை அலை இழுத்துப்போனது அவன் கண்ணெதிரில். கையெட்டும் தூரத்தில். அன்றிலிருந்து மரத்தில் ஏறினால் கை நடுங்குகிறது, வாந்தி வருகிறது. கரையிலிருந்து யாருக்கும் தெரியாத தூரம்வரை போய், வலை வீசாமல் கண்ணை மூடிக்கொண்டு கிடந்துவிட்டுத் திரும்பின நாள் எத்தனையோ.

"கடலப் பாத்தா பயமா கீதுன்னு நம்ம குப்பத்துல எவன்கிட்ட சொல்லுவேன் மங்க? சொல்லிட்டு எப்பிடி அங்க குந்துவேன்? செத்தான்னு நெனச்சிகினா ஒனக்கும் மரியாதயா இருக்கும்னு..."

"பயந்தது தப்பில்ல" என்றாள் மங்கை. "அண்ணன் போறதப் பாத்தவன் பயப்படாம இன்னா பண்ணுவான்? பக்கத்துல படுத்துகினு எங்கிட்ட சொல்லல பாரு, அதான் தப்பு. புதன்கெழம பதினாறு. காலைல என்ன மணைல ஒக்கார வெப்பாங்க. நீ உசுரோட கீறேன்னு நானும் சொல்லமாட்டேன், எங்கம்மாவும் சொல்லமாட்டா. நீயா நடந்து வரணும். வரலன்னா அறுத்துக்குவேன். அப்பால நீ எதுர்ல வந்தாலும் எனக்கு நீ பொணம்."

விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள். கோவிந்தம்மா அவள் பின்னால் ஓடவேண்டியிருந்தது. ஓடும்போதே அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. அந்தக் குடோன் வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொல்ல இருபது வயதுப் பெண்ணுக்குத் தைரியம் இருந்ததே என்று வழிந்த கண்ணீர் அது.

புதன்கிழமை வானம் காலையிலிருந்தே மூடிக்கிடந்தது. மங்கையைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, கை நிறைய வளையல் அடுக்கி, தலை நிறையப் பூ வைத்து மணையில் உட்காரவைத்தார்கள். கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பூ வைக்கவில்லை. பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி தொடங்கினார்கள். கோவிந்தம்மாவின் காதில் ஒப்பாரி ஏறவில்லை. அவள் ரோட்டுப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரு காலியாக இருந்தது. ராமதாஸ் நேரமாகிறது என்றார். "இன்னும் ரவ நேரம்" என்றாள். மறுபடியும் நேரமாகிறது என்றார். மகளை அடுத்துக் குந்தியிருந்த கிழவி கழுத்துப்பக்கம் கையைக் கொண்டுபோனாள். மங்கை கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா எழுந்து நின்றாள். ஓடிப்போய்க் கிழவியின் கையைப் பிடிப்பதா, வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போது ஒப்பாரி ஒரு ஓரத்திலிருந்து நின்றுகொண்டே வந்தது.

தலையெல்லாம் உப்புப் பொரிந்து, முட்டிவரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரசுராமன் வந்து நின்றான். கூட்டம் விலகியது. மலர்க்கொடி முதல் ஆளாக அவன் காலைத்தான் பார்த்தாள், தரையில் படுகிறதா என்று. பட்டது. ஒரு கால் சகதியை மிதித்திருந்தது.

"நான் சாவல" என்றான் எல்லோரையும் பார்த்து. "கடலுக்குப் போவ பயம். அதான் ஓடிட்டேன். இனிமேலும் போவமாட்டேன். மூட்ட தூக்கிப் பொழச்சிக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்று பயந்துதான் ஒரு மனுஷன் செத்துப்போகவே துணிந்திருந்தான். ராமதாஸ் அவனைப் பார்க்காமல் கோவிந்தம்மாவையே பார்த்தார். அவள் கிட்டப்போய்த் தாழ்ந்த குரலில், "துடுப்ப உருவிப் போட்டியே தலைவரே, இதுக்குத்தான" என்றாள். "ஓடிப்போனவன் பொண்டாட்டிங்கிற பேரு வேணாம்னுதான் கோவிந்தம்மா" என்றார் அவர். "ஒனக்கும் அதுக்காகத்தான் செஞ்சேன்." பக்கத்தில் மணையிலிருந்து எழுந்துகொண்டிருந்த மங்கையின் காதில் அது விழுந்தது.

அவள் அன்று ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை அம்மா சும்மாடு சுற்றிக் கூடையைத் தூக்கியபோது வாசலில் வந்து நின்றாள்.

"நைனாவோட மரத்துல துடுப்பு எங்கம்மா இருந்திச்சி?"

கோவிந்தம்மா கூடையை இறக்கவில்லை. தலைச்சுமையோடே நின்று சொன்னாள்: "செருகித்தான் இருந்திச்சி."

இருவரும் நடந்தார்கள். பாரிமுனை தாண்டியதும் கோவிந்தம்மா விட்டு விட்டுச் சொன்னாள். புருஷன் ஏகாம்பரத்தின் மரம் ஒதுங்கியபோது அவளுக்கும் இருபது வயதுதான். துடுப்பைப் பார்த்தாள், புரியவில்லை. ராமதாஸ் உருவிப் போட்டார், அதுவும் புரியவில்லை. பதினாறாம் நாள் தாலியை அறுத்தார்கள். புரிந்தபோது கழுத்தில் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் தேடத் தொடங்கினாள், மீன் கூடையோடு, தெருத்தெருவாக. அஞ்சு வருஷம் தேடினாள். ஊரார் கோழியையும் கொலுசையும் கண்டுபிடித்ததெல்லாம் அந்தத் தேடலில் வந்த கைப்பழக்கம்.

"கெடச்சாரா?"

"கெடச்சான்."

"பேசுனியா?"

"இன்னான்னு பேசறது? அறுத்துட்டு வந்து நிக்கறேன். நான் அவனுக்கு இன்னா மொற?"

தெருக்கோடியில் கயிற்றுக்கடை திறந்திருந்தது. நரைத்த தலையோடு ஒரு ஆள் குனிந்து கயிறு முறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். முதல் வெள்ளிக்கிழமையே அவன் அவளை அடையாளம் கண்டுகொண்டான். அன்று பயத்தில் வாயில் வந்தது ஒரு வாக்கியம். அதற்குப் பிறகு எழுநூறு வெள்ளிக்கிழமை அதையேதான் சொன்னான். இன்றும் நிழல் விழுந்ததும் தலையைத் தூக்காமல் சொன்னான்.

"இங்க மீன் எடுக்க மாட்டாங்கம்மா."

கோவிந்தம்மா வழக்கம்போலத் திரும்பவில்லை. கூடையைக் கடைவாசலில் இறக்கி வைத்தாள். தரையில் இரண்டு ஜோடிக் கால்கள் தெரிந்ததும் அவன் நிமிர்ந்தான். மங்கையைப் பார்த்தான், அவள் கழுத்து மஞ்சள் கயிற்றைப் பார்த்தான், மறுபடி முகத்தைப் பார்த்தான். அவனுடைய அதே தட்டை மூக்கு.

"இது யாரு?" என்றான்.

"நீ செத்தப்போ இதுக்கு எட்டு மாசம்" என்றாள் கோவிந்தம்மா. சொல்லிவிட்டு, பதினாலு வருஷத்தில் முதல்முறையாக அந்தக் கடைப் படியில் உட்கார்ந்தாள்.